அது இலவசமாக இருந்தபோது

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். நேற்றுத் துவைத்தது எதுவும் காயவில்லை. அப்பா டீக்கடைக்குப் போனதும் கதவைத் தாழ் போட்டுவிட்டு, மாதாமாதம் செய்யும் அந்த வேலை.

குமரவேலுடன் குடித்தனம் நடத்திய காலத்தில் எங்கள் படுக்கையறையில் எடுத்த வீடியோ ஒன்று ஆபாசத் தளத்தில் கிடந்தது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பரண் மேல் கேமரா இருந்தது எனக்குத் தெரியாது. கடைகளுக்கும் வீடுகளுக்கும் கேமரா மாட்டிக் கொடுப்பதுதான் அவன் தொழில். கேட்டபோது, "என் போன ரிப்பேருக்குக் குடுத்திருந்தேன், எவனோ எடுத்துப் போட்டுட்டான்" என்றான். பரண் மேல் எதற்குக் கேமரா என்றேன். அறைந்தான்.

அந்தத் தளத்திலேயே புகார் சொல்ல ஒரு பட்டன் இருந்தது. இதில் இருப்பது நான், என் சம்மதம் இல்லை என்று எழுதி அமுக்கினேன். நீக்கிவிட்டோம் என்று மெயில் வந்தது. பிறகு விவாகரத்து. கோர்ட்டில் சொன்ன காரணம், ஒத்துப்போகவில்லை. அப்பாவுக்குச் சொன்னதும் அதுதான். "ஒத்துப்போவலன்னு எவளாச்சும் ஒடச்சிக்கினு வருவாளா?" இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

அன்றிலிருந்து மாதம் ஒரு முறை தேடிப் பார்த்துவிடுவேன். ஊர்ப் பெயர் போட்டு, இன்னும் சில சொற்கள் போட்டு. அந்தச் சொற்களை இங்கே எழுத மாட்டேன். ஒன்றும் இருக்காது. அன்று மட்டும் நன்றாகச் சாப்பிடுவேன்.

இன்று இருந்தது.

சில நொடிகள்தான். முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். கீழே: 'முழுசா பாக்க சேனல்ல சேரவும். கட்டணம் உண்டு. நம்ம ஏரியா. ஒரிஜினல்.' பெண்ணுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலில் நீல ஸ்கிரீன், மஞ்சள் பூ. திண்டிவனத்தில் துணி எடுத்து நான் தைத்தது. நீல நூல் தீர்ந்துபோய் ஓரத்தை வெள்ளையில் அடித்தேன். அந்த வெள்ளை தெரிந்தது.

அப்பா கதவைத் தட்டினார். கையில் பால் பாக்கெட். "பட்டப்பகல்ல எதுக்குத் தாப்பா?"

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. பஸ் ஸ்டாண்டில் ஒரே சேறு. செருப்பு வார் அறுந்தது, ஊக்கு குத்திக்கொண்டு விழுப்புரம் வரை நின்றபடியே.

ஸ்கேன் சென்டரில் கூட்டம். ரிசப்ஷனில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது, பில் போடுவது, "தண்ணி நெறைய குடிச்சிட்டு ஒக்காருங்க, முட்டிக்கினு வந்தா சொல்லுங்க" என்று சொல்வது. இதுதான் என் வேலை. இன்று கவுன்ட்டர் முன்னால் வந்த ஒவ்வொரு ஆளின் முகத்தையும் பார்த்தேன். இவன் காசு கட்டியிருப்பானா. இவன்?

'நம்ம ஏரியா' என்று போட்டிருந்ததே. எங்கேயோ இருக்கிற பெண்ணைப் பார்க்க எவனும் காசு கொடுக்க வேண்டாம், கொட்டிக் கிடக்கிறது. பக்கத்து ஊர்க்காரி, பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பவள், கவுன்ட்டரில் பில் போடுகிறவள் என்றால் கொடுப்பான் போலிருக்கிறது. அதற்குத்தான் விலை.

மதியம் ஷமீமாவிடம் சொன்னேன். ஸ்கேன் ரிப்போர்ட் டைப் செய்பவள். ஊர் கோட்டக்குப்பம், புருஷன் ஷார்ஜாவில். பழைய கதை தெரிந்த ஒரே ஆள் அவள்தான். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டாள்.

"மூஞ்சி தெரியலன்றியே. நீதான்னு எப்டி சொல்ற?"

"ஸ்கிரீன் என்னுது."

"ஸ்கிரீன் ஒன்னுதுடி. ஆளு?"

தெரியாது. பழைய வீட்டில் எடுத்ததா, அவன் இப்போது இருக்கும் வீட்டில் எடுத்ததா, அதுவும் தெரியாது. கிளம்பும்போது சாமான்களை நான் கேட்கவில்லை. ஸ்கிரீனையும்.

"மறுபடி அந்தப் பட்டன அமுக்கிப் பாரேன்."

அமுக்கிவிட்டேன், நேற்றே. அந்தச் சில நொடி போய்விடும். உள்ளே இருப்பதற்கு அமுக்க ஒன்றும் இல்லை. காசு கட்டி உள்ளே போகிறவனுக்கு மட்டும்தான் தெரியும் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று.

அப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் நானும் பார்க்க முடிந்தது. இப்போது அதுவும் இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

வாங்க வேண்டியது: செருப்பு, அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை, சட்னிக்கு மல்லாட்டை, குடைக்குக் கம்பி. கேஸ் புக் செய்தாயிற்று.

அப்பா சாயங்காலம் ரொம்ப உற்சாகம். விழுப்புரம் போயிருந்தாராம். "பஸ் ஸ்டாண்டுல மாப்ளய பாத்தேன்." இன்னும் மாப்பிள்ளை. "கூப்ட்டுக் கூப்ட்டு டீ வாங்கிக் குடுத்தான். மாமா மாமான்றான். மரியாத கொறையல. இப்ப நல்லா இருக்கான்னு நெனைக்கிறேன், புது வண்டி வச்சிக்கினு இருக்கான்."

தோசையைத் திருப்பிப் போட்டேன். கருகிவிட்டது.

"அவன குத்தம் சொல்லி என்னா ஆவப்போவுது. ஒனக்குதான் பொறும இல்ல."

அடுத்த தோசைக்கு மாவு ஊற்றினேன்.

ஷ.விடம் போனில். காசு கட்டித்தான் பார்க்க வேண்டும் என்கிறாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்னை விற்கிறவனிடம் நானே போய் வாங்குவதா? அது மட்டுமா, கட்டினால் அவன் போனில் என் பெயர் போய் நிற்கும். ரேவதி என்று. சிரிப்பான்.

"என் போன்லேர்ந்து கட்றேன். என்ன அவனுக்குத் தெரியாது. நானே பாக்குறேன், நீ பாக்காத. ஞாயித்துக்கிழம வா. மாமியா புதுச்சேரிக்குக் கல்யாணத்துக்குப் போறாங்க."

"நீ ஏன்டி இதெல்லாம் பாக்கணும்?"

"பின்ன யாரு பாப்பா? ஒங்கப்பாவா?"

நவம்பர் 9, ஞாயிறு

கோட்டக்குப்பம். வெயில், கடல் காற்று. அப்பாவிடம் சொன்னது: ஷமீமா வீட்டில் விருந்து.

உண்மையிலேயே பிரியாணி செய்திருந்தாள். "ஜல்தி முடிச்சிட்டுச் சாப்பிடலாம்" என்றாள், ஏதோ மார்க்கெட் போய் வருவதுபோல. காசு அனுப்பும்போது வாங்குபவர் பெயர் காட்டும் அல்லவா. ஷ. போனை என் பக்கம் திருப்பினாள். மஞ்சுளா.

அவனுடைய இப்போதைய மனைவி. மஞ்சு. அவனுக்குக் கல்யாணம் ஆன செய்தியை அப்பாதான் கொண்டுவந்தார், பெயரோடு.

ஷ. உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் அவள் புருஷனும் பிள்ளைகளும் இருக்கும் படம். தெருவில் ஐஸ் வண்டி. உள்ளே சத்தமே இல்லை, ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்திருக்கிறாள். ரொம்ப நேரம். ஒரு வீடியோவுக்கு இவ்வளவு நேரமா என்று தோன்றியது.

வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள், முந்தானை நனைந்திருந்தது.

"நீ இல்லடி."

"பாத்தியா? நல்லா பாத்தியா?"

"பாத்துட்டேன். வேற பொண்ணு. செவப்பா, சின்ன வயசு. இருபத்தஞ்சு இருக்கும். தாலி போட்டுக்கினு இருக்கா. அந்த மஞ்சுதான்னு நெனைக்கிறேன். பொண்டாட்டியவே எடுத்து..." முடிக்கவில்லை.

நான் அழுதேன். பிறகு சாப்பிட்டேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன், கத்தரிக்காய் பச்சடியோடு. ஷ. சாப்பிடவில்லை. பசி இல்லை என்றாள். பொம்மையார்பாளையம் கடற்கரை வரை நடந்தோம். வலை காயப் போட்டிருந்தார்கள். காலை நனைத்துக்கொண்டு சிரித்தேன்கூட.

திரும்பும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. எதற்குச் சிரித்தேன். நான் இல்லை, இன்னொருத்தி. அதற்கா?

நவம்பர் 11, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. வேலையில் ஒருவருக்கு இன்னொருவர் பில்லைக் கொடுத்துவிட்டேன். டாக்டரிடம் திட்டு.

மஞ்சுவுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாமல் இருந்ததுபோல அவளுக்கும் தெரியாமல் இருந்தால்? பெயர் அவளுடையது, அக்கவுன்ட்டை அவன் வைத்துக்கொண்டிருக்கலாம். என் ஏ.டி.எம். கார்டுகூட அவன் பர்ஸில்தான் இருந்தது.

ஷ. சொல்கிறாள், "வுட்டுடு. ஒனக்கு இன்னா அவ?"

என்ன என்று எனக்கும் தெரியவில்லை. நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

திருவெண்ணெய்நல்லூர் பஸ். வழியெல்லாம் கரும்பு டிராக்டர், பஸ் பின்னாலேயே ஊர்ந்து போனது. அவன் பகலில் விழுப்புரம் கடையில் இருப்பான் என்று தெரியும். தெருவில் கேட்டதுமே காட்டினார்கள், "கேமராக்காரர் வூடா?"

மஞ்சு வாசலில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நடக்கத் தொடங்கிய பெண் குழந்தை. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"உள்ள வாங்கக்கா. உங்கள பாத்திருக்கேன்."

கல்யாண போட்டோவில் பார்த்திருப்பாள். தண்ணீர் கொடுத்தாள். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. ஸ்கிரீன் தெரிந்தது. நான் அதைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தது எதுவும் வாயில் வரவில்லை. "உன் வீடியோ ஒண்ணு வெளிய போவுது மஞ்சு" என்றேன்.

"தெரியுங்க்கா."

குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

"மொதல்ல எனக்கும் தெரியாது. அப்பறம் தெரிஞ்சிது. அழுதேன், அம்மா வூட்டுக்குப் போறேன்னேன். கட வாடக ஆறு மாசமா நிக்குது, எங்க போனாலும் என் கடன்காரன் ஒன் வூட்டுக்கும் வருவான்னாரு. இப்ப வூட்டுக்கு அரிசி வாங்குறது அதுலதான். இதோ இதுக்குப் பால் பவுடரு அதுலதான்."

"உனக்கு இது..." என்றேன்.

"அவரு சொல்றாரு, ஓசில போட்டா கண்ட கண்ட பயலும் பாப்பான், ஊருல தெரிஞ்சவன் கண்ணுல பட்டுடும். காசுன்னு வச்சா கொஞ்ச பேருதான் வருவான், வந்தவனும் வெளிய சொல்ல மாட்டான். அதான் சேப்டின்றாரு."

சேப்டி.

பிறகு ஒன்று சொன்னாள். குத்த வேண்டும் என்று சொல்லவில்லை, வெங்காயம் என்ன விலை என்று சொல்வதுபோலச் சொன்னாள். "உங்களுது ஓசில போச்சிக்கா. எவன் எவனோ பாத்தான். உங்களுக்கு இன்னா கெடச்சிது? என்னுதுக்காச்சும் காசு வருது."

எழுந்துவிட்டேன். நம்பரை மட்டும் ஒரு பில் பேப்பரில் எழுதி அலமாரி மேல் வைத்தேன். மஞ்சு வேண்டாம் என்றும் சொல்லவில்லை, எடுத்துக்கொள்ளவும் இல்லை. குழந்தை என் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு நின்றது. புதுச் செருப்பு. கழற்றிக் கொடுத்தாள்.

நவம்பர் 13, வியாழன்

எழுத முடியவில்லை. இருந்தாலும்.

அவன் ஏன் காசுக்கு மாறினான்? மஞ்சு சொன்னது பாதி. மீதி நான். நான் அந்தப் பட்டனை அமுக்கினேன், தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இலவசமாகப் போட்டால் எவளாவது பார்ப்பாள், புகார் சொல்வாள், போய்விடும் என்று அவன் அப்போதுதான் கற்றுக்கொண்டான். பூட்டிய அறைக்குள் வைத்தால் யாரும் எடுக்கச் சொல்ல மாட்டார்கள், மேலே காசும் வரும். நான் அமுக்கியதோடு நிறுத்திவிட்டேன். எனக்குப் போதும் என்று இருந்துவிட்டேன். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மாமா மாமா என்று என் அப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுக்கிறான்.

மழை மறுபடி. கூரை ஓட்டில் ஒரு இடம் ஒழுகுகிறது, கேப்பை மாவு டின்னுக்கு நேர் மேலே. டின்னை நகர்த்தி வைத்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

மஞ்சு போன் செய்தாள்.

கோழி கத்தும் சத்தம், எங்கோ தோட்டத்தில் நின்று பேசுகிறாள்.

"அக்கா, என் தங்கச்சி வந்துருக்கா. கல்யாணமாயி ஆறு மாசம். புருஷனோட சண்ட, ரெண்டு வாரம் இருந்துட்டுப் போறேன்னு வந்தா. நேத்து அந்த ரூம்புல பொடவ மாத்திக்கினு இருந்தா. எனக்கு அப்பதான் திக்குன்னிச்சி. கேமராவக் கழட்டுங்கன்னு அவர கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"இருக்கட்டும்னாரு."

அந்தப் பக்கம் கோழி மட்டும்.

"சிரிச்சிக்கினே சொன்னாருக்கா. இருக்கட்டும்னு."

தங்கையை அன்றே அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். காரணம் சொல்லவில்லை, சண்டை போட்டு விரட்டினாளாம். தங்கை அழுதுகொண்டே போனாளாம்.

"உங்களுது எப்டிக்கா எடுக்க வச்சீங்க? சொல்லுங்க, நானும் அப்டியே பண்றேன்."

அது இலவசமாக இருந்தது, அதனால் முடிந்தது என்று சொல்ல வேண்டியிருந்தது. இப்போது போலீஸ்தான் என்றேன். நாளைக்கு குழந்தையை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போவதாகச் சொல்லிவிட்டு விழுப்புரம் வருகிறாள்.

நவம்பர் 17, திங்கள்

பஸ் ஸ்டாண்டில் மஞ்சு இறங்கினாள். குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். லேசான காய்ச்சல் நிஜமாகவே இருந்தது.

சைபர் பிரிவில் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர். வயது என்னுடையதுதான் இருக்கும். எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, கதவைச் சாத்தி, ஃபேன் போட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஷ. போனிலிருந்து எடுத்துக்கொடுத்த விவரங்களை நான் நீட்டினேன். எல்லாம் கேட்டார்.

"இப்ப எல்லாம் இப்டித்தாம்மா வருது. முன்ன ஃப்ரீயா கெடக்கும், எவனாச்சும் நமக்கே லிங்க் அனுப்புவான். இப்ப காசு. காசு கட்டுனவன் எப்டி வந்து சொல்வான்? சொன்னா நீ எதுக்குக் கட்டுனன்னு கேப்போம்ல. அவன் வாய்க்கும் சேத்துதான் பூட்டு."

பிறகு மஞ்சுவைப் பார்த்து மெதுவாக, "பணம் யார் அக்கவுன்ட்டுக்கு வருது?"

மஞ்சு என்னைப் பார்த்தாள்.

"என்னுதுக்கு."

"ஓ.டி.பி. யாரு போனுக்கு வரும்?"

"எனக்கு வரும். அவரு கேப்பாரு, சொல்லுவேன்."

"எடுக்குறது தெரியும்?"

"இப்ப தெரியும்."

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் மறைச்சிப் பேசல. நீ கம்ப்ளைன்ட் குடுக்கலாம். மெரட்டித்தான் பண்ண வச்சான்னு சொல்லு, விசாரிப்போம். ஆனா அக்கவுன்ட் ஒம் பேருல இருக்கு. ஒன்னையும் விசாரிக்க வேண்டி வரும். அவன் மொதல்ல சொல்லப்போறது, அவளேதான் சம்மதிச்சா, காசு அவளுக்குத்தான் போச்சின்றதுதான். இலவசமா வக்கீல் வச்சித் தருவாங்க. யோசிச்சிட்டு வாம்மா."

"என்ன உள்ள வச்சிடுவாங்களா?"

"அப்டி நான் சொல்லல."

"கொழந்த?"

அவர் பதில் சொல்வதற்குள் மஞ்சு எழுந்துவிட்டாள். என் தோளில் தூங்கிய குழந்தையை எடுத்துக்கொண்டாள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். "பேஜாரா பூடுச்சேக்கா" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை.

பஸ் ஏற்றிவிட்டேன். குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து வாங்கிக் கொடுத்தேன். ஜன்னல் சீட் கிடைத்தது. பஸ் நகரும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நான் ஏதாவது சொல்வேன் என்பதுபோல.

நவம்பர் 18, செவ்வாய்

பகல் முழுக்க மூட்டம். சென்டரில் கரன்ட் இரண்டு தடவை போனது. ஜெனரேட்டர் சத்தத்தில்தான் ஷ. இதைச் சொன்னாள், யாருக்கும் கேட்காது என்று.

நேற்று நடந்ததை அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மஞ்சு கொடுத்தால் அவளே மாட்டிக்கொள்வாள், கொடுக்காவிட்டால் அவன் நிறுத்தமாட்டான், வேறு எவளுடைய வீடியோவாவது உள்ளே இருந்தால்தானே அவள் புகார் கொடுக்க என்றேன். ஷ. கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"இருக்கு."

"என்ன?"

"ஒன்னுது. அதுவும் இருக்குது. அன்னிக்கே பாத்தேன். சொல்ல மனசு வர்ல. நீ அப்டி அழுத, அப்பறம் அப்டிச் சாப்ட்ட. எப்டிச் சொல்லுவேன்?"

ஜெனரேட்டர். டோக்கன் கேட்டு ஒரு அம்மா கவுன்ட்டரைத் தட்டினார். எழுந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

"எங்க இருக்கு?"

"கீழ. பழசுன்னு தனியா போட்டு வச்சிக்கிறான். அதுக்கு வெல கம்மி." சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அத ஏன் சொன்னேன்."

விலை கம்மி.

அவன் எதையும் அழிக்கவில்லை. நான் மாதாமாதம் தேடி, இல்லை என்று பார்த்து, நிம்மதியாகச் சாப்பிட்ட நாளெல்லாம் அது உள்ளே இருந்திருக்கிறது, காசு கொடுத்தவனுக்கு மட்டும். மஞ்சு என்னை எங்கே பார்த்திருக்கிறாள் என்பதும் புரிந்தது.

ஷ. கையைப் பிடித்தாள். கோபம் வரவில்லை. அவள் மேல் வரவே இல்லை. உள்ளறையில் சத்தமில்லாமல் உட்கார்ந்து எனக்காக அதைப் பார்த்தவள்.

மாலை சப்-இன்ஸ்பெக்டருக்கு போன் செய்தேன். என்னுடையது இருக்கிறது, நான் கொடுக்கலாமா என்று. என் பெயரில் அக்கவுன்ட் இல்லை, நான் சம்மதிக்கவில்லை, அப்போது தளத்துக்கு எழுதியதும் அவர்கள் பதிலும் மெயிலில் இருக்கிறது.

"தாராளமா குடுக்கலாம். ஒங்க பேரு வெளிய வராது. அவன் போனு, கம்ப்யூட்டரு எல்லாம் எடுத்துடுவோம். ஆனா அந்தப் பொண்ணு அக்கவுன்டும் வரும். அது வாயத் தொறந்து சொன்னாத்தான் அதுக்கு நல்லது." பிறகு, "கூட வூட்டாளுங்க யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்கம்மா. தனியா இதத் தாங்குறது கஷ்டம்."

மஞ்சுவைக் கூப்பிட்டேன். சொன்னேன்.

"குடுங்கக்கா" என்றாள். "என்ன கேட்டா நான் இன்னா சொல்லுவேன்னு எனக்கே தெரியல. நீங்க குடுங்க."

வைத்துவிட்டாள். அவன் வந்துவிட்டான் போலிருக்கிறது.

நவம்பர் 19, புதன்

வெயில். அப்பா டீக்கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். நின்றபடியே ஆரம்பித்தேன், பாதியில் அவர் உட்கார்ந்தார். பரண், கேமரா, தளம், காசு. மஞ்சுவையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்.

"அன்னிக்கு நான் டீ குடிச்சனே, அப்பவும் இருந்துச்சா அது?"

இருந்தது என்றேன்.

கொல்லைப் பக்கம் போனார். வாந்தி எடுக்கும் சத்தம். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கவில்லை, தரையில் வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். வந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "எந்த எடம்? வா." என் முகத்தைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் பின்சீட்டில் போய் உட்கார்ந்தார். டிக்கெட் இரண்டு பேருக்கும் அவரே எடுத்தார். விக்கிரவாண்டி தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதாரா தெரியவில்லை. மஞ்சுவுக்கு இரண்டு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. பிறகு சுவிட்ச் ஆஃப்.

சப்-இன்ஸ்பெக்டர் புகாரைப் படித்தார். சில இடத்தில் மாற்றி எழுதச் சொன்னார். கையெழுத்துப் போட்டேன். ஷ. கொடுத்த வழியில் அவர்கள் நேற்றே சேனலுக்குள் போய் வீடியோவைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள்.

"ஒரு விஷயம்தாம்மா பாக்கி. இதுல இருக்குறது நீங்கதான்னு நீங்க பாத்துச் சொல்லணும். வேற யாரும் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் பாத்தா போதும்."

கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். அப்பா எழுந்து வெளியே போனார்.

பார்த்தேன். நான்தான் என்றேன்.